பொட்டு வைத்த ஆறு சிப்புகள்

வெடிகுண்டு விழுந்தால் ஆள் பிழைக்கட்டும் என்று சிங்கப்பூர் அரசின் வீவக அடுக்குமாடி வீடுகளில் இரும்புக் கதவு போட்டு ஓர் அறை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சிங்கப்பூரர்கள் அந்த அறையில் அரிசி மூட்டை, ஓடாத மின்விசிறி, கொலு பொம்மை ஆகியவற்றின் உயிரைத்தான் இதுவரை காப்பாற்றி வந்திருக்கிறார்கள். பொங்கோலில் உயரமான ஒரு மாடியில், வெங்கடேஷ் தன் வீட்டு அறையில் ஒரு பிணத்தை வைத்திருந்தார்.

"வியாழக்கிழமை காலை வரைக்கும் உயிரோட இருந்துச்சு மேடம்," என்றார்.

ரத்னவேல் எட்டிப் பார்த்தான். ஆர்மோனியப் பெட்டிக்கும் விமானி அறைக்கும் கல்யாணம் செய்து வைத்தால் பிறக்கக்கூடிய பிள்ளை ஒன்று மடக்கு மேசையின் மேல் மல்லாந்து கிடந்தது. முன்னால் கறுப்பு வெள்ளைக் கட்டைகள், அதற்கு மேல் அடுக்கடுக்காகத் திருகு குமிழ்கள். மூடி திறந்திருந்தது. உள்ளே பச்சைப் பலகைகளும் வயர்களும்.

"சிந்தசைசர். எண்பதுகள்ல ஜப்பான்ல செஞ்சது," என்றார் வெங்கடேஷ். "இப்ப கடையில விக்கிற கீபோர்டு எல்லாம் யாரோ வாசிச்சதை ஒப்பிக்கும். இது கரண்ட்டையே புடிச்சுப் பாட வைக்கும்."

"எங்க வீட்டு ஹீட்டர்கூட கரண்ட்டுல பாடும் சார். என்ன, அதுக்கப்புறம் குளிக்க முடியாது," என்றான் ரத்னவேல்.

ரஞ்சிதம் திரும்பிப் பார்த்தார்.

இருபது வருடம் காப்புறுதி நிறுவனமொன்றில் இழப்பீட்டு மனுக்களைச் சோதித்தவர் ரஞ்சிதம். மனிதர்கள் சொல்லும் எதையும் நம்பாத குணத்தை மட்டும் முதலாகப் போட்டு, ஃபேரர் பார்க்கில் மீன் தலைக் கறிக் கடை ஒன்றுக்கு மேலே துப்பறியும் அலுவலகம் திறந்திருந்தார். ரத்னவேல் அவருடைய ஒரே உதவியாளன். அதற்கு முன்பு கல்யாண வரவேற்புகளில் மைக் பிடிக்கும் அறிவிப்பாளனாக இருந்தான். ஒரு வரவேற்பில், மாப்பிள்ளையின் முன்னாள் காதலியையும் உற்சாகமாகப் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்து வாழ்த்தச் சொன்னதோடு அந்தத் தொழில் அவனை விட்டுவிட்டது.

"என்ன திருடு போச்சு?" என்றார் ரஞ்சிதம்.

வெங்கடேஷ் பலகையில் வரிசையாக இருந்த ஆறு கறுப்பு வில்லைகளைக் காட்டினார். சீயக்காய் டப்பா மூடி அளவுகூட இல்லை. பூரான் மாதிரி இரண்டு பக்கமும் கால்கள்.

"இந்த ஆறு சிப். ஒரு சிப்புக்கு ஒரு குரல். ஆறு விரல் வெச்சா ஆறு குரலும் சேர்ந்து வரும். இதை இப்போ யாரும் செய்யறதில்ல. என் சிப்பை எல்லாம் புடுங்கிட்டு, யாரோ போலியைச் சொருகிட்டுப் போயிட்டாங்க."

"யாரோன்னா?"

"ஹுசைன்," என்றார் வெங்கடேஷ். பள்ளிக்கூடத்திலிருந்து சேர்ந்து வாசித்த நண்பனின் பெயரை, சாப்பாட்டில் கல் கடித்தவர் போலச் சொன்னார்.

சமையலறையில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. சற்றுப் பொறுத்து மோகனப்பிரியா தேநீரோடு வந்தார். வெங்கடேஷின் மனைவி.

கதையை வெங்கடேஷ் ஆரம்பத்திலிருந்து சொன்னார். அவரைக் கம்பெனியில் ரிட்ரெஞ்ச் செய்த மறுநாள் இந்த மெஷினை இரண்டாம் கையாக வாங்கினாராம். செத்த மெஷின். தானே சரி செய்வது என்று முடிவு.

"வேலை போன மறுநாள் மத்தவங்க ரெஸ்யூமே எழுதுவாங்க," என்றார் மோகனப்பிரியா, தட்டை நீட்டியபடி.

"உள்ளே இருந்த பேட்டரி ஒழுகி பலகையைத் தின்னுடுச்சு மேடம். வெள்ளை வினிகர் ஊத்தி, பல் துலக்கற பிரஷ் போட்டுத் தேச்சேன். அறுந்த கோடு ஒவ்வொண்ணுக்கும் முடி மாதிரி வயர் வெச்சுச் சாலிடர் பண்ணினேன். எல்லாம் வீடியோ பார்த்துத்தான்."

"வினிகர் நான் ஊறுகாய்க்கு வாங்கினது. பிரஷ் யாரோடதுன்னு மட்டும் கேட்டுடாதீங்க," என்றார் மோகனப்பிரியா.

ரத்னவேலின் கை தானாக வாயைப் பொத்தியது.

"எல்லாம் சரி பண்ணியும் சத்தம் வரல. ஆறு சிப்பும் போயிருந்துச்சு. வெளிநாட்டுல ஒருத்தன்கிட்ட ஒரிஜினல் சிப் வாங்கி வரவழைச்சுப் போட்டேன். பாடிச்சு மேடம்! இந்தச் சரஸ்வதி பூசைக்கு மூடியத் திறந்து, ஒவ்வொரு சிப்புக்கும் கெட்டிச் சந்தனம், அதுக்கு மேல குங்குமம் வெச்சுக் கும்பிட்டேன்."

"பூசைன்னா பெட்டிக்கு மேல வெச்சாப் போதாதா சார்?" என்றான் ரத்னவேல்.

"வெளிப்பெட்டி ஜப்பான்காரன் செஞ்சது. உள்ளே நான் செஞ்சது."

ரத்னவேல் குனிந்து உள்ளே இன்னொரு முறை பார்த்தான்.

வெங்கடேஷ் கைப்பேசியில் பூசைப் படத்தைக் காட்டினார். ஆறு சிப்புகளும் நெற்றியில் பொட்டோடு, குளித்துத் தயாரான பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. மேசையில் கிடந்த மெஷினிலோ பொட்டைக் காணோம்.

"துடைச்சிருக்கலாம்," என்றார் ரஞ்சிதம்.

"துடைச்சாக் கறுப்பாகுமா மேடம்? படத்துல நிறத்தைப் பாருங்க. நல்ல பழுப்பு. நாப்பது வருஷப் பழசுக்கு வர்ற பழுப்பு. இப்ப உள்ளே இருக்கிறது அமாவாசை மாதிரி இருக்கு!"

ரஞ்சிதம் மோகனப்பிரியாவிடம் நகப்பூச்சு அழிக்கும் திரவம் கேட்டு வாங்கினார். பஞ்சில் தொட்டு, முதல் சிப்பின் முதுகில் தேய்த்தார். அச்சடித்திருந்த எழுத்துகள் மை மாதிரிக் கரைந்து பஞ்சோடு வந்துவிட்டன. அடுத்தது. அதற்கடுத்தது. ஆறும் அம்மணமாயின.

"அசல் எழுத்து அழியாது. ஏதோ ஒரு மலிவு சிப்புக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிச்சு, மேல பேர் எழுதியிருக்காங்க," என்றார் ரஞ்சிதம். "போலிதான்."

"பார்த்தீங்களா!" வெங்கடேஷ் மேசையில் அடித்தார். தன்னிடம் திருடியது நிரூபணமானதில் இவ்வளவு மகிழ்ச்சி அடைந்த மனிதரை ரத்னவேல் பார்த்ததில்லை. "வியாழக்கிழமை நான் இண்டர்வியூவுக்குச் சாங்கி போயிருந்தேன். இவ மார்க்கெட்டுக்குப் போயிருந்தா. வாசல் பூட்டு நம்பர் எங்களைத் தவிர ஹுசைனுக்கு மட்டும்தான் தெரியும். அவன்கிட்டயும் இதே மாடல் மெஷின் இருக்கு. வேற யாருக்கு இந்த சிப் வேணும்? இட்லிக் கடைக்காரனுக்கா? அன்னிக்கே இந்த ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்புல வெச்சுக்கிட்டேன்."

கைப்பேசியில் இன்னொன்றையும் காட்டினார். கல்யாண இசைக்காரர்களின் வாட்ஸ்அப் குழு. ஹுசைனின் படம், கீழே 'திருடன்' என்று ஆரம்பிக்கும் நீண்ட செய்தி. அடித்துத் தயாராக இருந்தது, அனுப்பவில்லை.

"அஞ்சு மணிக்கு இதை அனுப்பறேன். அனுப்பிட்டு நேரா போலீஸ் போஸ்ட்டு. அதுக்குள்ள நீங்க சிப்பைக் கண்டுபிடிச்சுக் குடுத்தா, போலீஸ்ல குடுக்க ஆதாரம் கிடைக்கும்."

அந்தக் குழுவில் ரத்னவேலும் ஒரு காலத்தில் இருந்தவன். அங்கே ஒருவன் பெயர் கெட்டால் ஈசூனிலிருந்து ஜூரோங் வரைக்கும் எந்தக் கல்யாண வீடும் அவனைக் கூப்பிடாது என்பது அவனுக்குச் சொந்த அனுபவம். அவனாவது செய்த தப்புக்கு அனுபவித்தான். ஹுசைன் செய்தாரா என்பது இன்னும் தெரியாது.

"ஒரே ஒரு கேள்வி," என்றார் ரஞ்சிதம். "வெளிநாட்டு சிப் வந்து, சொருகினீங்க. உடனே பாடிச்சா?"

வெங்கடேஷ் தயங்கினார். "உடனே இல்ல. ராத்திரி அவசரத்துல, நிறத்தைக்கூடப் பார்க்காம சொருகினப்போ கம்முனு இருந்துச்சு. அப்புறம் சில நாள் நான் அதைத் தொடவே இல்ல. ஒருநாள் இண்டர்வியூ போயிட்டு வந்து சும்மா ஆன் பண்ணினேன். பாடுது! சாலிடர் செட் ஆகறதுக்கு டைம் எடுத்திருக்கும்."

"மீன் குழம்பு மாதிரி. மறுநாள்தான் ருசி," என்றான் ரத்னவேல்.

"எக்ஸாக்ட்லி!" என்றார் வெங்கடேஷ். கிண்டல் அவரை உரசாமலே போய்விட்டது.

மின்தூக்கி வரைக்கும் மோகனப்பிரியா வழியனுப்ப வந்தார். ஹுசைனின் கேலாங் முகவரியைப் பார்க்காமலே ஒப்பித்தார். கதவு மூடப்போகும் நேரத்தில் கையை நீட்டித் தடுத்தார்.

"மேடம், ஹுசைன் அண்ணனுக்குப் பிரஷர் இருக்கு. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. மத்தியானம் சாப்பிட்டாரோ என்னமோ..." நடுவிலேயே நிறுத்தி, கையை எடுத்துக்கொண்டார்.

ரயிலில் ரஞ்சிதத்துக்கு உட்கார இடம் கிடைத்தது. ரத்னவேல் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி தன் ஆராய்ச்சி முடிவுகளை வெளியிட்டான்.

"அக்கா, கேஸ் முடிஞ்சுது. போலி சிப் நிரூபணம். பூட்டு நம்பர் தெரிஞ்சவன் ஒருத்தன். அதே மெஷின் வெச்சிருக்கான். நேராப் போறோம், மூடியத் திறக்கறோம், பொட்டு வெச்ச சிப் இருந்தா அமுக்கறோம். சாயங்காலம் நான் தேக்கா மார்க்கெட்டுல பிரியாணி சாப்பிடறேன்."

"திருட்டுக் குடுத்த வீட்டுக்காரி, திருடன் சாப்பிட்டானான்னு கவலைப்படறா. உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"பிரியாணி ஞாபகம்தான் தோணுது."

"மார்க்கெட்டுக்குப் போனாள்னு அவ புருஷன் சொன்னாரு. அவ சொன்னாளா?"

ரத்னவேல் யோசித்தான். மோகனப்பிரியா சொல்லவில்லை. வினிகர் பற்றிச் சொன்னார், பிரஷ் பற்றிச் சொன்னார். திருட்டு பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

கேலாங்கில் நான்காவது மாடி வீடு. கதவைத் திறந்த ஹுசைன், வெள்ளைத் தாடியும் ஒடிசலான தேகமுமாக, கைலியும் பனியனும் அணிந்திருந்தார். துப்பறிவாளர்கள் என்று தெரிந்ததும் அதிர்ச்சி அடையவில்லை. "உட்காருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய், பாலில் ரோஜா சர்பத் விட்டு இரண்டு டம்ளர் பண்டுங் கலக்கிக்கொண்டு வந்தார்.

ரத்னவேல் ஒரே மூச்சில் குடித்தான். குற்றவாளி வீட்டில் எதையும் குடிக்கக் கூடாது என்று அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. அது அவனே எழுதிய விதி. அதனால் மீறும் உரிமையும் தனக்கே உண்டு என்பது அவன் கட்சி.

"வெங்கடேஷ் அனுப்பினானா?" என்றார் ஹுசைன்.

"உங்க மெஷினைப் பார்க்கணும்," என்றார் ரஞ்சிதம்.

கூடத்து மூலையில் அதே மாடல் சிந்தசைசர் நின்றது. மறுநாள் கல்யாணக் கச்சேரிக்குப் போவதற்கு உறை பாதி போட்டிருந்தது. ஹுசைன் மறுக்கவில்லை. திருப்புளி எடுத்து மூடியைக் கழற்றி, ஆப்பரேஷன் முடிந்த டாக்டர் போலத் தள்ளி நின்றார்.

உள்ளே முழுக்கப் பழுப்பு. பலகை, வயர், திருகாணி எல்லாவற்றின் மேலும் டீக்கறை மாதிரி ஒரு படலம். அந்தப் பழுப்புக்கு நடுவில் ஆறு சிப்புகள். ஆறின் நெற்றியிலும் காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம்.

ரத்னவேல் காலி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான். ஐவேளை தொழும் மனிதரின் மெஷினுக்குள் ஆயுத பூசை நடந்து முடிந்திருந்தது. இதைவிடப் பச்சையான ஆதாரத்தை எந்தத் துப்பறியும் நாவலும் துணிந்து எழுதியிருக்காது. அவனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பண்டுங்கில் சர்க்கரை அளவாக இருந்ததுதான் காரணம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

"ஆமா, நான்தான் எடுத்தேன்," என்றார் ஹுசைன். "என்ன செய்யணுமோ செஞ்சுக்குங்க."

"ஏன் எடுத்தீங்க?"

"ஆசைலா."

"உங்க மெஷின்ல முன்னாடி இருந்த சிப் என்னாச்சு?"

"கெட்டுப் போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

"அஞ்சு மணிக்கு உங்க பேரு அந்தக் குழுவுல வரப்போகுது. 'திருடன்'னு. அப்புறம் உங்களுக்குக் கல்யாணமே கிடைக்காது."

"எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சும்மா," என்றார் ஹுசைன். சிரிக்க முயன்றார். தாடிக்குள் அது பாதியில் நின்றுவிட்டது.

ரஞ்சிதம் கைப்பேசி விளக்கைப் போட்டு உள்ளே குனிந்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு கேட்டார். "இந்த மெஷினை எங்கெல்லாம் வாசிச்சீங்க?"

"ஆரம்பத்துல எல்லாம் லவுஞ்சு, கிளப்பு. ராத்திரி ராத்திரி வாசிப்போம். அப்பல்லாம் உள்ளேயே சிகரெட் பிடிக்கலாம். மேடையில இருந்தா முதல் வரிசைக்காரன் மூஞ்சிகூடத் தெரியாது, அவ்வளவு புகை."

"அதான் உள்ளே இத்தனை பழுப்பு." ரஞ்சிதம் கைக்குட்டை நுனியைப் பண்டுங் டம்ளரின் ஈரத்தில் தொட்டு, ஒரு சிப்பின் பொட்டை ஓரமாகத் துடைத்தார். "ரத்னா, பாரு."

ரத்னவேல் குனிந்தான். சந்தனம் போன இடத்தில், சிப்பின் முதுகில் அதே பழுப்புப் படலம். சுற்றியுள்ள பலகையில் இருந்த அதே கறை.

"அழுக்கு. இதுல என்னக்கா?"

"பொட்டுக்கு அடியில அழுக்கு. பொட்டுக்கு மேல இல்ல. அப்போ எது முதல்ல?"

"புகை முதல்ல. பொட்டு அப்புறம்." சொல்லிவிட்டு ரத்னவேல் நிறுத்தினான். மூளை எப்போதும் போல ஒரு ஸ்டேஷன் தாமதமாக வந்து சேர்ந்தது. "வெங்கடேஷ் மெஷின் உள்ளே புகையே இல்லையே. பிரஷ் போட்டுத் தேச்சுப் பளபளன்னு வெச்சிருக்காரு. அப்படின்னா இந்த சிப் பூசைக்கு முன்னாடியே..."

"இந்தப் பெட்டியில இருந்தது. வருஷக்கணக்கா." ரஞ்சிதம் ஹுசைனின் பக்கம் திரும்பினார். "உங்க சிப்பை அவருக்கு வெச்சீங்க. அதுக்கு அவர் பொட்டு வெச்சார். வியாழக்கிழமை உங்க பொருளை நீங்க திரும்ப எடுத்துக்கிட்டீங்க. அவர் காசு குடுத்து வாங்கின போலியை மறுபடி அவர் மெஷின்லயே சொருகினீங்க. இதுல திருட்டு எங்கே இருக்கு?"

ஹுசைன் நாற்காலியில் உட்கார்ந்தார். திருடன் என்றபோது நிமிர்ந்து நின்றவர், திருடன் இல்லை என்றதும் தளர்ந்துபோனார்.

"அவன்கிட்டச் சொல்லிடாதீங்கம்மா."

"மோகனப்பிரியா கூப்பிட்டாங்களா?"

"தங்கச்சி அழுதுச்சு. வாங்கின சிப்பும் பாடலைன்னதும் அவன் அந்த ஷெல்ட்டருக்குள்ள போயி இரும்புக் கதவைச் சாத்திக்கிட்டான். சாப்பிட வரல. பேசல. 'வேலையும் போச்சு, ஒரு பொட்டியைக்கூட என்னால சரி பண்ண முடியல'ன்னு மட்டும் உள்ளேயிருந்து குரல். ஒருநாள் தங்கச்சி கெஞ்சிக் கூத்தாடி அவனை இண்டர்வியூவுக்கு அனுப்பிச்சு. அன்னிக்கு நான் போயி என் சிப்பைச் சொருகிட்டு வந்தேன். சாயங்காலம் போன் பண்ணினான். 'டேய், பாடுதுடா. நானே செஞ்சேன்டா'ன்னு..." ஹுசைன் தாடியைத் தடவிக்கொண்டார். "அதுக்கப்புறம்தான்லா அவன் ஒழுங்கா சவரம் பண்ண ஆரம்பிச்சான்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"வாடகைக் கீபோர்டுல ஓட்டினேன். ஆனா நாளைக்குக் கல்யாணத்துல பொண்ணோட அப்பா இந்தப் பழைய சத்தம்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாரு. திங்கட்கிழமை திருப்பி வெச்சிடலாம்னு எடுத்தேன். அவன் அன்னிக்கே ஆன் பண்ணிப் பார்ப்பான்னு யாருக்குத் தெரியும்? திங்கட்கிழமை அவனுக்குக் கடைசி இண்டர்வியூ. இப்பப் போயி, நீ செஞ்சது பொய்டான்னு சொல்லச் சொல்றீங்களா? திருடன்னா திருடன். பேசிட்டுப் போகட்டும்."

இந்த மாதிரி நேரத்தில் மௌனம் காப்பதுதான் நாகரிகம் என்று ரத்னவேலுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

"அண்ணே, எனக்கு இசைஞானம் பூஜ்யம். ஒரு சந்தேகம்," என்றான். "அந்த பேட்டரி தின்ன பலகையை நீங்க சரி பண்ணினீங்களா?"

"நானா? சாலிடர் இரும்பைப் பார்த்தாலே எனக்குக் கை நடுங்கும்."

"அறுந்த கோட்டுக்கெல்லாம் முடி மாதிரி வயர் வெச்சது?"

"அதெல்லாம் அவன்தான். நான் சிப்பை மட்டும் மாத்தினேன்."

"அவர் அதெல்லாம் பண்ணாம இருந்து, செத்த பெட்டியில உங்க சிப்பைக் கொண்டுபோய்ச் சொருகினா?"

"பாடாது," என்றார் ஹுசைன். அவர் வாய் அப்படியே திறந்திருந்தது.

"அப்போ பாட வெச்சது யாரு?"

ரஞ்சிதம் தன் உதவியாளனை ஏற இறங்கப் பார்த்தார். "வருஷத்துக்கு ஒரு தடவை நீ மனுஷன் மாதிரிப் பேசறே ரத்னா. தேதி போட்டு வெச்சுக்கறேன்." பிறகு ஹுசைனிடம் சொன்னார். "சட்டை போட்டுக்கிட்டு வாங்க. அந்த ஆறு பேரையும் கூட்டிட்டு வாங்க."

ஹுசைன் சிப்புகளைப் பிடுங்கி, அலுமினியத் தாளில் சுற்றி, பலகாரம் வைக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக்கொண்டார். கருமியான ரஞ்சிதம் டாக்சி பிடித்தார். நிலைமை எவ்வளவு தீவிரம் என்பது ரத்னவேலுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

வெங்கடேஷ் கையில் கைப்பேசியோடு கூடத்தில் உலாத்திக்கொண்டிருந்தார். வாசலில் ஹுசைனைப் பார்த்ததும் நின்றார். ஹுசைன் டப்பாவைத் திறந்து நீட்டினார்.

"என் சிப்!" என்றார் வெங்கடேஷ். "பார்த்தீங்களா மேடம், என் சிப்!"

"பொட்டு உங்களோடது சார். சிப் அவரோடது," என்றான் ரத்னவேல்.

ரஞ்சிதம் மிச்சத்தைச் சொன்னார். காப்புறுதி மனு வாசிப்பது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல். புகைக்கறை, பொட்டு, வெளிநாட்டுக்காரன் தலையில் கட்டிய போலி, அந்த இண்டர்வியூ நாள், வியாழக்கிழமை. சொல்லச் சொல்ல வெங்கடேஷின் கை சோபாவைத் தேடியது. உட்கார்ந்தார்.

மனைவியை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கும் தெரியுமா?"

"தெரியும். நான்தான் கூப்பிட்டேன். வியாழக்கிழமை நான் மார்க்கெட்டுக்கும் போகல, கதவைத் திறந்துவிட்டது நான்தான்," என்றார் மோகனப்பிரியா. "நீங்க மறுபடி அந்தக் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்தா, மறுபடியும் செய்வேன். போயி என் பேரையும் போலீஸ்ல குடுங்க."

வெங்கடேஷ் கைப்பேசியைப் பார்த்தார். 'திருடன்' என்ற வார்த்தை அங்கே இன்னும் காத்திருந்தது. ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். சீக்கிரமாக அழிக்க வழி இருக்கிறது என்று சொல்ல ரத்னவேலுக்கு நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டான்.

"அப்போ நான் ஒண்ணுமே பண்ணலை," என்றார் வெங்கடேஷ், தரையைப் பார்த்து. "அத்தனை நாளும். ஒண்ணுமே."

ரத்னவேல் ரஞ்சிதத்தைப் பார்த்தான். அவர் ஹுசைனைப் பார்த்தார். ஹுசைன் டப்பாவை நண்பனின் மடியில் வைத்தார்.

"எழுந்திரிடா. நீயே சொருகு. நான் தொட மாட்டேன்."

"எதுக்கு?"

"சிப்புதான் எல்லாம்னா, இதைத் தேங்காய் மேல சொருகினாலும் பாடணும். பாடுமா? பேட்டரி தின்ன பலகையில சொருகியிருந்தாப் பாடியிருக்குமா? அன்னிக்கு நான் சொருகின உடனே பாடிச்சுடா. நான் இங்கே நின்னு வாசிச்சுப் பார்த்துட்டுத்தான் போனேன். அந்தப் பலகையில ஒரு கோடு தப்பா இருந்தாலும் என் சிப்பு வாயைத் திறந்திருக்காது. இது இன்னிக்கு வரைக்கும் எனக்கே தோணலை. இந்த வாயாடித் தம்பி கேட்டப்புறம்தான் தோணுச்சு."

'வாயாடி' என்று சொன்னது ரத்னவேலுக்குப் பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது.

வெங்கடேஷ் எழுந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து இரும்புக் கதவைத் திறந்தார். போலிகளைப் பிடுங்கி எறிந்தார். ஒவ்வொரு சிப்பாக, கால் மடங்காமல் பார்த்துச் சொருகினார். அவர் விரல்கள் அந்தப் பலகையில் நடமாடிய விதத்தை ரத்னவேல் கவனித்தான். சொந்த வீட்டில் இருட்டில் நடப்பவரின் நடை. சுவிட்சைத் தட்டினார்.

முதலில் ஒரு முனகல். அப்புறம் ஹுசைன் இரண்டு கையையும் கட்டைகள் மேல் வைத்து அழுத்தினார். அரிசி மூட்டையும் கொலு பொம்மைகளும் அதிர, அந்தக் குட்டி அறை நிறைய ஒரு சத்தம் எழுந்தது. நாகசுரமும் இல்லை, வயலினும் இல்லை. கரண்ட்டுக்கே சளி பிடித்து, அது குணமான சந்தோஷத்தில் பாடுவது மாதிரி இருந்தது. இசைஞானம் பூஜ்யமான ரத்னவேலுக்கு ஏனோ மூக்கு அடைத்தது. வினிகர் நெடி என்று யாரும் கேட்காமலே எல்லோருக்கும் விளக்கம் சொன்னான்.

வெங்கடேஷ் வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சுவிட்சை அணைத்தார். சிப்புகளில் மூன்றைப் பிடுங்கி, ஹுசைனின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"என்னடா இது?"

"உனக்கு மூணு. எனக்கு மூணு. பின்பக்கம் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கு, இல்லாத குரலைத் தாண்டிப் போகச் சொல்லும். உன் மெஷின்லயும் இருக்கு. இத்தனை வருஷமா வெச்சிருக்கே, உனக்குத் தெரியாது. நான் கண்டுபிடிச்சேன்."

"மூணு குரலை வெச்சுக்கிட்டு நாளைக்கு நான் எப்படிலா வாசிக்கிறது? பொண்ணோட அப்பா என்னை வெட்டிடுவாரு!"

"அதான் நானும் வரேன்ல? உன் மூணும் என் மூணும் சேர்ந்தாத்தான் அந்தச் சத்தம் வரும். இனிமே நீ தனியா எந்தக் கல்யாணத்துக்குப் போறேன்னு பார்க்கறேன்." வெங்கடேஷின் குரல் சண்டைக்காரன் குரலாக இருந்தது. கண் மட்டும் ஒத்துழைக்கவில்லை. "திருடன்னு எழுதினேன்டா உன்னை."

"எழுதினே. அனுப்பலையே." ஹுசைன் மூன்று சிப்பையும் டப்பாவில் போட்டு மூடினார். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். உனக்கு எந்தக் காலத்துலயும் தாளம் நின்னதில்ல. நாளைக்கு நீ வாசிக்கிற வேகத்துக்கு, மாப்பிள்ளை மேடைக்கு வந்து சேர்றதுக்குள்ள பொண்ணு சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போயிடும்."

"டேய்!"

"கோவிச்சுக்காம வண்டியில ஏத்து. ரிகர்சல் பண்ணணும்."

வெங்கடேஷ் மெஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கினார், ஹுசைன் மறுபக்கத்தைத் தூக்கினார். ஷெல்ட்டர் வாசலின் குறுகலில் பெட்டி சிக்கிக்கொண்டது. இரண்டு பேரும் ஒரே குரலில் மோகனப்பிரியாவைக் கூப்பிட்டார்கள்.